செத்தவன் தலையில் கட்டு

சிறு விமானம் ஒன்று விழுந்தால் விசாரணை நடக்கும். சிதறிய துண்டுகளைப் பொறுக்கிக் கொட்டகையில் பரப்புவார்கள். எஞ்சினைப் பிரிப்பார்கள். ரேடார் பதிவைத் தேடுவார்கள். வானிலைக் குறிப்பை வரவழைப்பார்கள். ஓராண்டு போகும், சில சமயம் இரண்டாண்டும் போகும். அப்புறம் அறிக்கை வரும். காரணம் என்ற தலைப்பின் கீழே என்ன இருக்கும் என்று நீங்கள் படிக்காமலே சொல்லிவிடுவீர்கள். விமானியின் தவறு.

பொய்யா? பொய்யில்லை. அமெரிக்காவில் இதை வருடா வருடம் எண்ணுகிறார்கள். சிறு விமான விபத்துகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு விமானியால் வந்தவை என்கிறது கணக்கு. எஞ்சின் கோளாறு, இன்ன காரணம் என்றே பிடிபடாதவை எல்லாம் மிச்சத்தில் அடங்கும். உண்மைதான். ஆனால் இந்த உண்மையில் பலருக்குப் பெரிய சவுகரியம் இருக்கிறது. செத்தவன் மறுப்பு அறிக்கை விடமாட்டான். வக்கீல் வைக்கமாட்டான். தொலைக்காட்சியில் உட்கார்ந்து எதிர்க்கேள்வி கேட்கமாட்டான். அவன் பெயரில் கோப்பை மூடிவிட்டால் விமானத்தைக் கட்டியவர், வைத்திருந்தவர், வாடகைக்கு விட்டவர், சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

விமானிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. முதல் அடி அவர்களுக்கே.

ஒற்றை எஞ்சின் விமானங்கள் எதனால் விழுகின்றன? எண்ணெய் தீர்ந்து விழுகின்றன. தவறாக அச்சாகவில்லை. எண்ணெய் தீர்ந்துதான். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2015 வரை, எரிபொருள் விவகாரத்தால் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேல் விபத்துகள். அவற்றில் 95 சதவீதத்தில் விமானியின் கை இருக்கிறது. கருவிக் கோளாறு வெறும் 5 சதவீதம். போய்ச் சேர்ந்த பிறகும் பகலில் அரை மணி நேரத்துக்கு, இரவில் முக்கால் மணி நேரத்துக்கு எண்ணெய் மிச்சம் இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். சட்டம் வந்து டேங்கை நிரப்பாது. ஆகாயத்தில் பங்க் கிடையாது.

பழைய செஸ்னா விமானம் ஒன்றின் அருகே காலை வேளையில் நின்று பாருங்கள். உள்ளே எண்ணெய் முள் இருக்கும். அதை நம்பாதே என்பதுதான் பாடமே. விமானி இறக்கையருகே ஏறி, மூடியைத் திருகி, அளவுக்கோடு போட்ட குச்சியை டேங்குக்குள் விட்டு, நனைந்த இடத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார். பிறகு இறக்கைக்கு அடியில் குனிந்து, வடிகால் முனையில் ஒரு சின்னக் குப்பியை வைத்து அழுத்திக் கொஞ்சம் எண்ணெய் பிடிப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நீலச் சாயம் போட்ட பெட்ரோல். அடியில் நிறமில்லாமல் ஒரு துளி உருண்டால் அது தண்ணீர். ராத்திரி மழையில் தேய்ந்துபோன மூடி வழியே இறங்கியது. அந்தத் துளியைக் காலையில் பிடிக்காவிட்டால், விமானம் தரையை விட்டு எழும்பிய கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இருமும்.

நிலாவுக்கு ஆள் அனுப்பிய நாடு. வீட்டு விலைக்கு விற்கும் விமானம். எண்ணெய் அளக்கக் குச்சி. நமக்குச் சிரிப்பு வருகிறது. குச்சி விட மறந்தவர் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

ஜான் டென்வர் ஞாபகம் இருக்கிறதா? உலகமே கேட்ட பாடகர். 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது லாங்-ஈஸி ரக விமானம். வரைபடத்தை வாங்கி ஆர்வலர்கள் தாங்களே கட்டிக்கொள்ளும் ரகம். அவருடையதை வேறொருவர் கட்டியிருந்தார். ஒரு டேங்கிலிருந்து இன்னொரு டேங்குக்கு மாற்றும் திருகு, மூல வரைபடத்தில் விமானியின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. கட்டியவர் அதைக் கொண்டுபோய் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்தார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்ற குறிகூட இல்லை. எண்ணெய் அளவு காட்டும் குழாய்களும் முதுகுக்குப் பின்னால். அவற்றிலும் அளவுக்குறி இல்லை. பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சலூனில் பின்கழுத்தைப் பார்ப்போமே, அப்படி.

எண்ணெய் போடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், கொஞ்ச நேரம்தான் பறக்கப் போகிறேன் என்றார். பறந்தார். டேங்க் மாற்றத் தோளுக்குப் பின்னால் திரும்பினார். உடம்பு இடப்பக்கம் திரும்பும்போது வலது கால் மிதியை அழுத்தியது. விமானம் கவிழ்ந்தது.

அறிக்கையைப் படியுங்கள். விமானியின் கவனச்சிதறலும் எண்ணெய் நிரப்பாமல் புறப்பட்டதும் ‘காரணம்’. திருகை முதுகுக்குப் பின்னால் வைத்த மகத்தான யோசனை ‘துணைக்காரணி’. அறிக்கை எதையும் மறைக்கவில்லை. எல்லாம் அதில் இருக்கிறது. வரிசைதான் இப்படி இருக்கிறது. முதல் வரியில் செத்தவர். கடைசி வரியில் விமானத்தைக் கட்டியவர் எடுத்த முடிவு. செய்தித்தாளுக்கு முதல் வரி மட்டும் போகும்.

அடுத்தது மேகம். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கருவிகளைப் பார்த்தே பறக்கப் பழகாத 20 பேரைக் கூப்பிட்டார்கள். வெளிப்பார்வையை மறைத்து, மேகத்துக்குள் இருப்பது போன்ற நிலையில் ஓட்டச் சொன்னார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை. சராசரியாக 178 நொடி. மூன்று நிமிடம்கூட இல்லை. அடிவானம் தெரியாவிட்டால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சரிந்து கீழே சுழன்று கொண்டிருக்கும். நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியம் பண்ணும். உடம்பை நம்பினவன் செத்தான். முள்ளை நம்பினவன் பிழைத்தான். அது எண்ணெய் முள் இல்லை, வேறு முள். எந்த முள்ளை நம்புவது, எதை நம்பாமலிருப்பது என்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும்.

இது தெரிந்து எழுபது ஆண்டு ஆகிறது. 1999 ஜூலை 16 இரவு. அமெரிக்க அதிபராயிருந்த கென்னடியின் மகன், தன் ஒற்றை எஞ்சின் பைப்பர் விமானத்தில் மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு, புகைமூட்டமாக இருந்த கடல் மேல் பறந்தார். கருவிப் பறப்புக்கான தகுதி அவரிடம் இல்லை. மூவரும் இறந்தார்கள். அடிவானம் அதிபர் மகனென்று பார்க்கவில்லை. எப்படியாவது இன்றைக்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்ற அவசரம் இருக்கிறதே, அதற்கு எந்த நாட்டு மருந்துக்கடையிலும் மாத்திரை இல்லை. திருமணம், கூட்டம், காத்திருக்கும் கார், ஏற்கெனவே சொல்லிவிட்ட நேரம். காத்திருக்கச் சொல்லும் வானிலைக்காரரைவிட, எப்போது வருகிறீர்கள் என்று கேட்கும் தொலைபேசிக்குத்தான் விமானி மரியாதை தருகிறார்.

இறங்கும் நேரத்தில் நடக்கும் கதை இன்னும் கேவலம். ஓடுபாதைக்கு நேராக வரக் கடைசித் திருப்பம் எடுக்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போய்விடுகிறது. இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தால் ஐந்து நிமிடம் அதிகம், அவ்வளவுதான். மானம் விடாது. கீழே நாலு பேர் பார்க்கிறார்கள். மூக்கைத் தூக்கி, மிதியை மிதித்து, வலுக்கட்டாயமாகத் திருப்புகிறார். வேகம் குறைந்து, காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் எல்லை மீறும்போது இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். ஸ்டால் என்பது இது. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஐயாயிரம் அடியில் இது நடந்தால் பயிற்சி. ஐந்நூறு அடியில் நடந்தால் சாவு.

இன்னொன்று, வெயிலில் பனிக்கட்டி. சென்னைப் புழுக்கம் போன்ற ஈரக்காற்று கார்புரேட்டருக்குள் நுழைகிறது. பெட்ரோல் ஆவியாகிற இடத்தில் வெப்பம் இருபது முப்பது டிகிரி விழுகிறது. ஈரம் பனிக்கட்டியாகி மூச்சுக்குழாயை அடைக்கிறது. அதைக் கரைக்க ஒரு குமிழி இருக்கிறது. அதை இழுத்தால் சூடான காற்று வரும். நேரத்தோடு இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் எஞ்சின் அடங்கிப் போகும். விசாரணை அதிகாரி வந்து சேர்வதற்குள் பனி கரைந்து போயிருக்கும். கொலை செய்துவிட்டு ஆயுதமே தன்னைக் கரைத்துக்கொள்ளும் குற்றம் இது ஒன்றுதான். குமிழி மட்டும் இழுக்கப்படாமல் அப்படியே இருக்கும். யார் இழுக்கவில்லை? விமானி.

சரி, விமானிகளை அடித்தாயிற்று. இனி மற்றவர்களைப் பார்ப்போம்.

1994-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கிளிண்டன் கையெழுத்திட்டார். சிறு விமானம் விற்று 18 ஆண்டு ஓடிவிட்டால், அதன் பழுதால் யார் செத்தாலும் கட்டிய நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு. வக்கீல்களும் பிழைக்க வேண்டாமா? வழக்குச் செலவிலேயே தொழில் படுத்துவிட்டது என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. செஸ்னா நிறுவனம் 1986-ல் பெட்ரோல் எஞ்சின் விமானம் கட்டுவதையே நிறுத்தியிருந்தது. சட்டம் வந்த பிறகுதான் மறுபடியும் தொடங்கியது. தொழில் பிழைத்தது. மகிழ்ச்சி. ஆனால் அந்த நாட்டில் பறக்கும் ஒற்றை எஞ்சின் விமானங்களின் சராசரி வயது நாற்பதைத் தாண்டியது. பொறுப்பு 18 வயதில் முடிகிறது. பறப்பது முடிவதில்லை. நடுவில் இருக்கிற ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? விமானிதான்.

இப்போது ஒரு கால்பந்து வீரரின் கதைக்கு வருவோம். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். பணம், அலட்சியம், அரசாங்கம் மூன்றும் ஒரே விமானத்தில் ஏறிய கதை.

எமிலியானோ சாலா. அர்ஜென்டினாக்காரர், 28 வயது, கால்பந்து வீரர். 2019 ஜனவரியில் பிரான்சின் நான்த் கிளப்பிடமிருந்து பிரிட்டனின் கார்டிஃப் சிட்டி கிளப் அவரை வாங்கியது. விலை ஒன்றரைக் கோடி பவுண்டு. அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே அதிக விலை. ஜனவரி 21, திங்கள்கிழமை. பழைய தோழர்களிடம் விடைபெற்றுவிட்டு இரவு கார்டிஃப் போகிறார். மறுநாள் காலை புதிய அணியோடு பயிற்சி. ஒரு கால்பந்துத் தரகர் மூலம் விமானம் ஏற்பாடாகியிருந்தது. பைப்பர் மாலிபு, ஒற்றை எஞ்சின், 1984-ல் கட்டியது. பதிவு அமெரிக்காவில், ஒரு டிரஸ்டி நிறுவனத்தின் பெயரில். பறப்பது ஐரோப்பாவில். சாராய உரிமத்துக்குப் பினாமி வைப்பது நம்மூரில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

விமானி டேவிட் இபாட்சன், 59 வயது. கையில் இருந்தது சொந்த உபயோகத்துக்கான உரிமம். காசு வாங்கிக்கொண்டு பயணி ஏற்றும் உரிமம் இல்லை. இரவில் பறக்கும் தகுதி இல்லை. இந்த வகை விமானத்துக்கான தகுதிச் சான்றும் முந்தைய நவம்பரோடு முடிந்திருந்தது. பறப்பை ஏற்பாடு செய்த டேவிட் ஹெண்டர்சன் அன்றைக்கு மனைவியோடு பாரிஸ் போயிருந்தார். தான் ஓட்ட முடியாததால் இவரை அனுப்பினார். இந்த விமானி மீது ஏற்கெனவே விதிமீறல் புகார்கள் இருந்தன. அவரை இனி ஓட்டவிடாதே என்று விமானத்தை வைத்திருந்த பெண்மணி முன்பே சொல்லியிருந்தார். இவையெல்லாம் பிறகு நீதிமன்றத்தில் வெளிவந்தவை.

புறப்படும் முன் சாலா நண்பர்களுக்குக் குரல் செய்தி அனுப்பினார். இந்த விமானம் உடைந்து விழுந்துவிடும் போல இருக்கிறது என்றார். பயமாக இருக்கிறது என்றார். பயணி பார்த்தவுடன் கண்டுபிடித்ததைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரவு எட்டே காலுக்கு, குயர்ன்சி தீவின் அருகே, ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே விமானம் ரேடாரிலிருந்து மறைந்தது. அரசுத் தேடல் மூன்றே நாளில் நின்றது. ரசிகர்களும் வீரர்களும் பணம் திரட்டித் தனியாகத் தேடச் சொன்ன பிறகுதான் சிதைவு கிடைத்தது. சாலாவின் உடல் கிடைத்தது. விமானியின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

சாலாவின் இரத்தத்தைச் சோதித்தார்கள். கார்பன் மோனாக்சைடு 58 சதவீதம் ஏறியிருந்தது. ஐம்பதைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து.

எப்படி ஏறியது? இந்த விமானங்களில் குளிருக்குச் சூடு எங்கிருந்து வருகிறது தெரியுமா? எஞ்சின் புகை வெளியேறும் குழாயைச் சுற்றி ஓர் உறை. அந்த உறைக்குள் ஓடிச் சூடேறும் காற்று, விமானத்துக்குள் வருகிறது. செலவில்லாத சூடு. குழாயில் மயிரிழை விரிசல் விட்டால் அந்தக் காற்றோடு புகையும் வரும். நிறமில்லை. வாசமில்லை. தலைவலி, மயக்கம், தூக்கம். அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்து அலறும் கருவி கடையில் இருபது முப்பது பவுண்டுக்குக் கிடைக்கும். அந்த விமானத்தில் அப்படியொன்று இல்லை. வைத்தே ஆக வேண்டும் என்று அன்றைக்குச் சட்டமும் இல்லை.

யானையை விலைபேசி முடித்துவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவார்கள் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். இவர்கள் அங்குசத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒன்றரைக் கோடி பவுண்டு யானை. முப்பது பவுண்டு கருவி.

வயிறு எரியும் சங்கதி இன்னொன்று. அந்த விமானியின் பிழைப்பு, வீடுகளில் எரிவாயு இணைப்பு வேலை பார்ப்பது. கார்பன் மோனாக்சைடு எப்படிக் கொல்லும் என்று அவர் தொழிலுக்குத் தெரியும். இங்கிலாந்தில் கரியோ விறகோ எரிக்கும் அடுப்புள்ள அறையை வாடகைக்கு விடுபவர் அங்கே இந்தக் கருவியை மாட்டியாக வேண்டும் என்று 2015-லேயே சட்டம் வந்துவிட்டது. தரையில் வாடகைக்கு இருப்பவனுக்கு அபாய மணி. ஐயாயிரம் அடி உயரத்தில், கதவைத் திறந்து ஓட முடியாத இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கடவுள் துணை.

அறிக்கை 2020 மார்ச்சில் வந்தது. விமானி கையால் திருப்பும்போது கட்டுப்பாட்டை இழந்தார், வேகம் எல்லை மீறி விமானம் காற்றிலேயே உடைந்தது, விமானியையும் நச்சுப்புகை பாதித்திருக்கலாம் என்றது. குழாய் எங்கே விரிந்தது? தெரியாது. சிதைவு இன்னும் கடலடியில்தான் கிடக்கிறது. ஒருமுறை தூக்க முயன்றார்கள். வானிலை விடவில்லை. அப்புறம் தூக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். புகையைக் கசியவிட்ட குழாயைப் பார்க்காமலே கோப்பு முடிந்தது.

ஹெண்டர்சனுக்கு 18 மாதம் சிறை. விபத்துச் செய்தி கேட்டதும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, வாயைத் திறக்காதே என்று தெரிந்தவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. சரி, ஓர் ஆளாவது உள்ளே போனாரே என்று நாம் ஆறுதல் அடைய வேண்டும். சிறு விமான உலகத்தில் அதுவே அதிசயம்.

கிளப்புகள்? அவை துக்கம் அனுஷ்டித்தன. மஞ்சள் பூங்கொத்துகள் வைத்தன. பிறகு காசுக்கு அடித்துக்கொண்டன. சாலா இன்னும் எங்கள் வீரர் ஆகவில்லை என்று சொல்லி கார்டிஃப் பணம் தர மறுத்தது. ஆகிவிட்டார், பணத்தைக் கொடு என்றது நான்த். சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனத்தின் தீர்ப்பு, விளையாட்டு நடுவர் மன்றத்தின் தீர்ப்பு, மறுபடி மேல்முறையீடு. அதற்கும் மேலே போய், அவர் செத்ததால் எங்களுக்கு வந்த நஷ்டம் 10 கோடி யூரோவுக்கு மேல் என்று கார்டிஃப் வழக்குப் போட்டது. உயிரோடு இருந்தவரைக்கும் அவர் எந்த விமானத்தில் வருகிறார், யார் ஓட்டுகிறார் என்று கேட்க ஒரு குமாஸ்தா கிடைக்கவில்லை. செத்த பிறகு ஒவ்வொரு பவுண்டுக்கும் ஒரு வக்கீல் கிடைத்தார்.

அரசாங்கம்? பாடம் கற்றது. நிதானமாகக் கற்றது. பெட்ரோல் எஞ்சின் விமானத்தில், விமானி அல்லாத பயணியை ஏற்றினால் அலறும் கருவி கட்டாயம் என்று பிரிட்டன் விமானத்துறை விதித்தது 2025 ஜனவரி 1 முதல். ஆறு ஆண்டு. கருவியைக் கண்டுபிடிக்க ஆறு ஆண்டு இல்லை. அது கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டாயம் என்ற ஒரு சொல்லை எழுத ஆறு ஆண்டு.

அமெரிக்கா இன்னும் நிதானம். இந்தக் கருவியைக் கட்டாயமாக்கு என்று அந்த நாட்டுப் பாதுகாப்பு வாரியம் விமானத்துறைக்கு 2004-ல் பரிந்துரைத்தது. விமானத்துறை கட்டாயமாக்கவில்லை. வைத்துக்கொண்டால் நல்லது என்று அறிவுரை சொன்னது. 2022-ல் வாரியம் மறுபடி கேட்டது. இந்த முறை கணக்கையும் சேர்த்துக் கொடுத்தது. 1982 முதல் 2020 வரை இந்த நச்சுப்புகையால் 31 விபத்துகள். 42 பேர் சாவு. அந்த 31 விமானங்களில் ஒன்றே ஒன்றில்தான் கருவி இருந்தது. அதுவும் அலறாத வகை. நிறம் மாறிக் காட்டும் அட்டை. மயங்கிக்கொண்டிருப்பவன் அதைக் குனிந்து பார்க்க வேண்டுமாம்.

வெள்ளைக்காரன் யோக்கியதை இது என்று நாம் மீசையை முறுக்க வேண்டாம்.

இங்கே இந்தியாவில் சிறு விமானம் என்றால் பெரும்பாலும் பயிற்சி விமானம். ஓட்டுபவர் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதற்கு அரைக் கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. அப்பா நிலத்தை விற்றிருப்பார். அம்மா நகையை வைத்திருப்பார். வங்கி வீட்டுப் பத்திரத்தை வாங்கி வைத்திருக்கும். இத்தனையும் கொட்டி அந்தப் பிள்ளை எதில் ஏறுகிறது? பல பள்ளிகளில் இன்னும் செஸ்னா 152. அந்த ரகத்தைக் கட்டுவது 1985-லேயே நின்றுவிட்டது. பிள்ளையின் அப்பா அம்மா கல்யாணத்துக்கு முந்தைய வண்டி. வயது மட்டும் குற்றமில்லை. மணிக்கணக்குப் பார்த்து எஞ்சினைப் பிரித்துச் சரியாகப் பராமரித்தால் பழைய விமானம் பறக்கும். அந்த ‘சரியாக’ என்ற இடத்தில்தான் நமக்குச் சந்தேகம். 15 ஆண்டு தாண்டிய தன் ஜீப்பை ஓட்ட அரசாங்கமே பயந்து 2023 ஏப்ரலிலிருந்து பதிவை ரத்து செய்தது. ஜீப் நின்றால் ஓரத்தில் நிற்கும்.

2023 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில், இரவு மூடுபனியில், பயிற்சி விமானம் ஒன்று கோவில் கோபுரத்திலும் மின்கம்பியிலும் மோதியது. பயிற்றுநர் இறந்தார். மூடுபனி எல்லாருக்கும் தெரிந்தது, புறப்பட அனுமதித்தவருக்குத் தவிர. அதே ஆண்டு மார்ச்சில் பாலகாட் காட்டில் இன்னொன்று, இருவர் இறந்தார்கள். அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் ஒரே பள்ளியின் இரண்டு விமானங்கள் ஒரே வாரத்தில் விழுந்தன. ஒன்று விழுந்தபோது விமானத்துறைக்கு உறைக்கவில்லை. இரண்டாவது விழுந்ததும் பள்ளியை நிறுத்தி வைத்தார்கள். 2024 ஆகஸ்டில் ஜாம்ஷெட்பூரிலிருந்து கிளம்பிய செஸ்னா சாண்டில் அணையில் மூழ்கியது. பயிற்றுநரும் மாணவரும் இறந்தார்கள். விமானத்தை வெளியே எடுக்கக் கடற்படை வர வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் குஜராத்தின் அம்ரேலியில் தனியாகப் பறந்த பயிற்சி விமானி குடியிருப்புப் பகுதியில் விழுந்து இறந்தார். சாவு நேரும்போதெல்லாம் ஆழ்ந்த இரங்கல் தெரிவிக்கிறார்கள். இரங்கலுக்கு மட்டும் எரிபொருள் தீருவதே இல்லை.

விசாரிப்பது யார்? விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு. அது எந்த அமைச்சகத்தின் கீழ்? சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம். பள்ளிக்கு அனுமதி தரும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) யாருக்குக் கீழே? அதே அமைச்சகம். அனுமதி கொடுத்த கையும் விசாரிக்கிற கையும் ஒரே சட்டைக்குள். 2025-ல் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள்: டிஜிசிஏ-வில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலி. விமானங்களைச் சோதிக்க வேண்டிய நாற்காலிகள் காலி. காலி நாற்காலிக்குத் தண்டனை கிடையாது. அது தப்பே செய்யாது.

கடைசியில் டிஜிசிஏ விழித்துக்கொண்டது. பயிற்சிப் பள்ளிகளுக்கு மதிப்பெண் போட்டுத் தரவரிசை வெளியிடும் என்று அறிவித்தது. நல்ல காரியம்தான். முதல் பட்டியல் 2025 அக்டோபரில் வந்தது. மேல்தட்டு ‘ஏ’ வரிசையில் ஒரு பள்ளிகூட இல்லை. ‘பி’-யில் 13. ‘சி’-யில் 22. ‘சி’ என்றால் 50 சதவீதத்துக்குக் கீழே. அமைச்சகமே நடத்துகிற இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமியும் அந்த 22-ல் ஒன்று. தன் பிள்ளைக்குத் தானே மார்க் போட்டும் பாஸ் பண்ண முடியவில்லை. அந்த நேர்மைக்கு ஒரு சலாம்.

‘சி’ வாங்கிய பள்ளிகளை மூடினார்களா? சோதனை முடியும்வரை பறக்காதே என்றார்களா? நோட்டீஸ் போகும் என்றார்கள். உங்கள் குறைகளை நீங்களே ஆராய்ந்து திருத்திக்கொள்ளுங்கள் என்று.

அதே டிஜிசிஏ நடத்தும் விமானி எழுத்துத் தேர்வில் ஒரு மாணவன் 70 மதிப்பெண் எடுத்தால்தான் பாஸ். 69 எடுத்தால் ஃபெயில். நீயே உன்னை ஆராய்ந்துகொள் என்று யாரும் அவனுக்குக் கடிதம் போடுவதில்லை. மறுபடி பணம் கட்டி, மறுபடி எழுத வேண்டும். 50-கூட எடுக்காத பள்ளி மறுநாள் காலை கொட்டகையைத் திறந்து, 70 எடுத்த அந்த மாணவனை வரிசையில் நிறுத்தி விமானத்தில் ஏற்றியது.